தவிட்டுக்குக் கொடுத்த தங்கை

அப்பா என் தம்பியை முதன்முதலில் பார்த்தது கோலாலம்பூர் ரயில் நிலையத்தில். அப்பா மலாயாவுக்குக் கப்பலேறிய பிறகு ஊரில் பிறந்தவன் அவன். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பலும் நோய்த் தடுப்பு முகாமும் தாண்டி வந்து இறங்கியபோது எனக்கு ஐந்து வயது இருக்கும். அப்பா ஆளே கறுத்து மெலிந்துபோய் நின்றார். பயணம் எப்படி இருந்தது என்றுகூட அம்மாவைக் கேட்கவில்லை. இடுப்பில் இருந்தவனை உற்றுப் பார்த்து, "இவருதான் நம்ம வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற துரையா?" என்றார். தம்பி அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். அப்பா உயிர் போகிற மாதிரிக் கத்தினார். பிளாட்பாரத்தில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா ரயில் பாதையில் கேங் கூலி. தண்டவாளத்துக்கு அடியில் கல் இறுக்குவது, இற்றுப்போன கட்டையை மாற்றுவது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் வேலைக்காரர்களுக்காகக் கட்டிய பலகை லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. வாசலுக்கு எதிரே தண்டவாளம், பின்னால் குழிகள். செங்கல் சூளைகளுக்கு மண் தோண்டித் தோண்டி அந்தப் பகுதியெல்லாம் பள்ளமாகிக் கிடந்தது. பள்ளங்களில் மழைத் தண்ணீர் வருடம் முழுவதும் நின்றது. பிள்ளைகளான எங்களுக்கு அவை குளங்கள். தவளை பிடித்தோம், தகரத்தைப் படகாக விட்டோம். சாயங்காலம் அந்தத் தண்ணீரின் மேல் கொசு ஒரு புகையைப் போல எழும்பும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மழை ஊரில் கொசு இருக்கத்தானே செய்யும்.

இந்த ஊரில் குடித்தனம் நடத்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து அறைக்காரி. அவளை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. அம்மாவைவிட மூத்தவள் என்பதால் அம்மா அவளை அக்கா என்றாள், அவள் அம்மாவைத் தங்கச்சி என்றாள், எனக்கு முறை அப்படி அமைந்தது. அவள் புருஷன், என் பெரியப்பா, ஸ்டேஷனில் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவர்கள் வந்து வெகு காலம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பாசார் என்கிற சந்தையில் சீனனிடம் எப்படிப் பேரம் பேசுவது, மலாய்க்காரியிடம் எந்தக் கீரையை வாங்கலாம், சத்து டுவா தீகா என்று மலாயில் எண்ணுவது எப்படி, ஈர விறகை அடுப்பின் மேல் எப்படிக் காய வைப்பது, எல்லாம் பெரியம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். அம்மா தீகாவையும் லீமாவையும் மாற்றிச் சொல்லி ஒரு நாள் மூன்று தேங்காய்க்குப் பதில் ஐந்து தேங்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏன் தங்கச்சி, வீட்டுல கல்யாணமா?" என்று பெரியம்மா கேட்டது லயம் முழுவதும் ஒரு வாரம் ஓடியது.

முதல் வருடத்து அடைமழையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் வந்து உலுக்கும், பிறகு உடம்பு கொதிக்கும், வேர்த்து ஓய்ந்து தூங்குவான், ஒரு நாள் விட்டு மறுபடி வரும். வயிற்றில் இடது பக்கம் கல்லைப் போல ஒரு கட்டி. ஆஸ்பத்திரி டிரஸர் கொய்னா மருந்து கொடுத்தார். கசப்பு தாங்காமல் துப்பினான். அம்மா கட்டாயப்படுத்தவில்லை, அழுகிற பிள்ளையை இன்னும் அழ வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மழை விடுவதற்குள் அவன் போய்விட்டான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது மீசையைத் தன் கையாலேயே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்ததாக இங்கேயே பிறந்த பிள்ளையும் ஆண்தான். தவழத் தொடங்குமுன் அதே காய்ச்சல், அதே கட்டி. இந்த முறை அம்மா கொய்னாவைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். கோயில் கோயிலாகப் போனாள். பலிக்கவில்லை.

லயத்தில் நாங்கள் மட்டும் இப்படி இல்லை. வருடத்துக்கு வருடம் எந்த அறையிலாவது ஒரு தொட்டிலை அவிழ்த்தார்கள். ஆனாலும் அவரவர் துக்கத்துக்கு அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மா கண்டுபிடித்த காரணம் இது: எது வந்து பிள்ளைகளைக் கொண்டுபோகிறதோ, அதற்கு இது இன்னாருடைய பிள்ளை என்று தெரிந்திருக்கிறது.

மூன்றாவதாக என் தங்கை பிறந்தாள். தீட்டுக் கழியும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள், "இவள நான் தவிட்டுக்குக் குடுத்துடப் போறேன்."

பிள்ளை தங்காத வீட்டில் அப்படிச் செய்யும் வழக்கம் எங்கள் ஊர்ப் பக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைக் கோயில் வாசலில் ஒரு முறத்தில் போட்டு, வேறொருத்தி ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். தவிடு அளவுக்குத்தான் மதிப்பு, இதை எடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சாவு விலகிப் போய்விடுமாம். அன்றே பிள்ளை பெற்றவள் வீட்டுக்குத் திரும்பிவிடும். கூப்பிடுகிற பெயரில் மட்டும் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொடுப்பது பெரியம்மாவிடம்தான் என்பதில் சந்தேகமே இல்லை. தவிட்டுக்குத்தான் திண்டாட்டம். இந்த ஊரில் யாரும் நெல் குத்துவதில்லை. அரிசி ரங்கூனிலிருந்து வெள்ளை வெளேரென்று மூட்டையில் வருகிறது. அப்பா கடை கடையாக அலைந்து கடைசியில் மாடு வைத்திருந்த ஒரு பால்காரரிடம் போய்க் கேட்டார்.

"எத்தன மாடு?" என்றார் பால்காரர்.

"மாடு இல்லண்ணே."

"ஆடா?"

"பொண்ணு."

பால்காரருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டு, தன் துண்டிலேயே தவிட்டைக் கட்டிக் கொடுத்தார்.

மாரியம்மன் கோயில் வாசலில் பெரியம்மா அந்தத் தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டினாள். முறத்தில் கிடந்த தங்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லாரும் லயத்துக்குத் திரும்பினோம். எங்கள் அறை வாசலில் பெரியம்மா நின்று, "இந்தா தங்கச்சி, பிடி. கையெல்லாம் மரத்துப் போச்சு," என்று பிள்ளையை நீட்டினாள்.

அம்மா கையை நீட்டவில்லை. "உங்க புள்ளய எதுக்கு எங்கிட்ட நீட்டுறீங்க?" என்றாள்.

பெரியம்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பேருக்குக் குடுக்கிறதுதானே புள்ள," என்றார் அப்பா. "ஊருல எல்லாரும் அப்படித்தானே."

"ஊருல பேருக்குக் குடுத்தா போதும். இங்க ரெண்டு தடவ வழி தெரிஞ்சு வந்துட்டுப் போயிருக்கு. ஏமாத்துறோம்னு தெரிஞ்சா மறுபடி வரும். நெசமாவே குடுத்துட்டேன். அஞ்சு வயசு முடியட்டும், கோயில்ல வச்சு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் அது அக்கா புள்ள."

இதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. வழக்கத்தில் இல்லாத ஒன்றை, வழக்கத்தின் பெயரால், அம்மா தன் பயத்தின் அளவுக்கு இழுத்து நீட்டினாள். லயத்து அறைகளுக்கு நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தங்கை அழுதால் இந்தப் பக்கம் அம்மாவின் ரவிக்கை நனையும். உடனே எழுந்து ஓட மாட்டாள். சுவரைத் தட்டி, "அக்கா, உங்க புள்ள அழுவுது, பால் குடுக்க வரட்டுமா?" என்று கேட்பாள். "வா தங்கச்சி," என்று குரல் வந்த பிறகுதான் போவாள். மார்பில் போட்டுக்கொண்டு, "பெரிய வீட்டுப் புள்ளைக்கு என்ன கோவம்? சின்னம்மா வந்துட்டேன்ல," என்று கொஞ்சுவாள். பால் குடித்ததும் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

குழாயடியில் பெண்கள் கேலி பேசினார்கள். "என்னடி, புள்ளய அடமானம் வச்சுட்டியாமே, எப்ப மூட்டப்போற?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒன் வாய மூட்டிட்டு அப்பறம் மூட்டுறேன்," என்றாள் அம்மா. அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைப்பாள். சிறிது நேரம் குடத்தின் வாயிலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

தங்கை பேசத் தொடங்கினாள். பெரியம்மாவை அம்மா என்றாள். அம்மாவைச் சின்னம்மா என்றாள். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை என்பதில்லை. இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் போய்விட்டது. அம்மாவுக்கு அதுவே அத்தாட்சி.

தங்கைக்கு மூன்று வயது ஆகுமுன் பெரியப்பாவைக் கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். பெரியம்மா மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் அறைக்கு வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் பள்ளிப் பலகையை வைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இப்பவே வாங்கிக்க. மறைக்காம சொல்றேன். அங்க கூட்டிட்டுப் போயிட்டா அப்பறம் குடுக்க எனக்கு மனசு வருமோ வராதோ, எனக்கே தெரியல."

அந்த வாரம்தான் கோடி அறையில் ஒரு கைக்குழந்தை போயிருந்தது. அந்தத் தாயின் ஒப்பாரி அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அந்தத் திசையில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "கூட்டிட்டுப் போங்கக்கா," என்றாள்.

அவர்கள் ரயிலேறிய அன்று அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. நானும் அப்பாவும் போனோம்.

அதன் பிறகு வருடக்கணக்கில் அம்மா கிள்ளானுக்குப் போகவே இல்லை. தான் போனால் தன் பின்னாலேயே அது வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கும்போது அப்பாவும் நானும்தான் போய் வருவோம். அம்மா முதல் நாளே முறுக்குச் சுட்டு டின்னில் போடுவாள். "கடையில வாங்குனதுன்னு சொல்லு," என்று எனக்குச் சொல்லி அனுப்புவாள். திரும்பி வந்ததும் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"நல்லான்னா? எவ்வளவு ஒசரம்?"

நான் என் இடுப்பில் கையை வைத்துக் காட்டுவேன். அடுத்த முறை கொஞ்சம் மேலே.

"முறுக்கு தின்னாளா?"

"தின்னா. இந்தக் கடை எங்க இருக்குன்னு கேட்டா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதுவாள்.

ஐந்து வயது முடிந்தது. அப்பா ஞாபகப்படுத்தினார். "இன்னொரு மழை போகட்டும்," என்றாள் அம்மா. அந்த மழை போனதும் இன்னொரு மழை. தங்கைக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. எங்கள் அறையில் பள்ளிக்கூடம் போகும் நான் ஒருவன்தான். என் பாட்டன், முப்பாட்டன் யாரும் எழுத்தைத் தொட்டதில்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து புத்தகத்தை உரக்கப் படிக்கும்போது அப்பா வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அந்தச் சமயத்தில்தான் லயத்துக்குப் பின்னால் வேலை தொடங்கியது. ஒரு துரை வந்து குழிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கூலிகள் வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஆற்றுக்கு வடித்தார்கள். சில குழிகளை மண் கொட்டித் தூர்த்தார்கள். வடியாத இடங்களில், முதுகில் தகர டின் கட்டிய ஆட்கள் வாரத்துக்கு வாரம் எண்ணெய் தெளித்துவிட்டுப் போனார்கள். எங்கள் விளையாட்டுக் குளங்கள் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு வருடங்கள் இப்படிப் போயின. லயத்தில் பிள்ளைகள் பிறந்தன. பிறந்தவை தவழ்ந்தன, நடந்தன, தண்டவாளத்தின் பக்கம் ஓடி அடிவாங்கின. கோடி அறைக்காரிக்கு வரிசையாக இரண்டு. குழாயடியில் கேலி செய்தவளுக்கு ஒன்று. யாரும் யாருக்கும் தவிட்டுக்குக் கொடுக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த ஆளுங்க எண்ண ஊத்துறாங்களே, எதுக்கு?"

எங்கள் சுகாதாரப் பாடத்தில் அது படத்தோடு இருந்தது. நான் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிடும், காய்ச்சல்காரனைக் கடித்த கொசு மற்றவனைக் கடித்தால் காய்ச்சல் அவனுக்கும் வரும், எண்ணெய் ஊற்றினால் முட்டையிலிருந்து வரும் புழு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று தமிழில் சொன்னேன். அம்மா கொசுவின் படத்தை விரலால் தொட்டாள். பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, கால் காலாக, பெரிய பூச்சியாக இருந்தது.

"குளிர் காய்ச்சலா? வயித்துல கட்டி வருமே, அதுவா?"

"அதேதாம்மா."

"அப்ப ரெண்டு பேரும் போனது..."

நான் தலையசைத்தேன். அம்மா படத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"கொசுவ ஏமாத்தவா நான் புள்ளயக் குடுத்தேன்?" என்றாள்.

மறுநாளே கிள்ளானுக்குக் கிளம்பினோம். அப்பாவுக்கு வேலை, அம்மாவும் நானும்தான். தங்கைக்கு அப்போது எட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த குவாட்டர்ஸ் வாசலில் அவள் இன்னொரு பெண்ணோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணே!" என்று ஓடி வந்து முறுக்கு டின்னைத் தேடினாள். பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, யாரோ பெரியவர்கள் என்ற மரியாதையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளே பெரியம்மா அம்மாவைப் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். காப்பி போட்டாள். ஊர்க் கதை பேசினாள். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் புள்ளய வாங்கிக்க வந்திருக்கேன்."

பெரியம்மா தம்ளரைத் தரையில் வைத்தாள். "இத்தன வருஷம் எங்க போயிருந்த?" என்று சத்தம் போட்டாள். "அஞ்சு வயசுல வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. சரி, இனிமே நீ வர மாட்டன்னு நெனச்சு, அவ மேல மனச அவுத்து விட்டேன். இப்ப வந்து நிக்கிற." பிறகு குரல் இறங்கியது. "சொன்ன சொல்லு சொன்னதுதான். கூட்டிட்டுப் போ."

பெரியப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்போது அவருக்கு வேலை நேரம் இல்லை.

தங்கையிடம் சின்னம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்விட்டு வா என்றுதான் சொன்னார்கள். அவள் ஒரு பாவாடையையும் சட்டையையும் தானே மடித்து மூட்டை கட்டிக்கொண்டாள். பெரியம்மா அவள் தலையைப் பின்னிவிட்டாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினாள்.

ரயிலில் அம்மா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "என் கண்ணு, இனிமே என்ன அம்மான்னு கூப்பிடணும், என்ன?" என்றாள்.

"சரிங்க சின்னம்மா," என்றாள் தங்கை.

அவள் எங்கள் வீட்டில் எப்படி இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைப்பாள். குளித்ததும் மாற்றுத் துணியை மறுபடி மூட்டையில் வைத்துக் கட்டிவிடுவாள். "சின்னம்மா, தண்ணி குடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பானையைத் தொடுவாள். "ஒன் வீடு கண்ணு இது, எதுக்குக் கேக்குற?" என்பாள் அம்மா. "சரிங்க," என்பாள். மறுபடி தாகம் எடுத்தால் மறுபடி கேட்பாள். அம்மா அவளுக்காகப் புளிக்குழம்பு வைத்தாள், அதிரசம் சுட்டாள். போட்டதையெல்லாம் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "நல்லா இருக்குங்க," என்றாள். குழம்பு சாப்பிட்ட மறுநாள் அவள் வாய் ஓரமெல்லாம் புண்ணாகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆசையாகச் செய்தார்களே என்றாள்.

அம்மா யாருக்கும் தெரியாமல் அழுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் தெரிய அழுதாள். அரிசி கழுவும்போது, துணி பிழியும்போது. வாங்கி வந்த சந்தோஷம் என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஒரு நாள் சாயங்காலம் குழாயடியில் பெண்கள் தங்கையை வளைத்துக்கொண்டார்கள். அம்மா குடத்தோடு இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றதை அவள் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"யாரு பாப்பா நீ? எந்த வீடு?"

"கிள்ளான்ல எங்க வீடு. எங்கப்பா பாயிண்ட்ஸ்மேன்."

"இங்க என்ன பண்ற?"

"சின்னம்மா வீட்டுக்குத் தொணைக்கு வந்திருக்கேன். சின்னம்மாவுக்கு ரெண்டு பாப்பா செத்துப் போச்சு. அவுங்க அழுதுக்கிட்டே இருக்காங்க. அதான் எங்கம்மா என்ன அனுப்பி வச்சிருக்காங்க. அவுங்க அழுவறது நின்னதும் நான் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பழைய கேலிக்காரி முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் குடத்தை ஒதுக்கி, "நீ முதல்ல பிடிச்சுக்க அக்கா," என்று வழி விட்டாள்.

அன்றைக்கு அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா அவரிடம் சொன்னாள்.

"கொஞ்ச நாளானா பழகிடுவா புள்ள," என்றார் அப்பா. "சின்னப் புள்ளதானே."

"பழகுவா. நல்ல புள்ள, எது சொன்னாலும் பழகிக்குவா. ஆனா இங்க பழகணும்னா அங்க அவ அம்மாவ மறக்கப் பழகணும். பெத்த புள்ளைக்கு அத நான் சொல்லிக் குடுக்கவா?"

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்மா கண்ணுக்கு மையிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டாள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே பாட்டை முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட்டு வராது, நாங்கள் கேட்டதே இல்லை. தங்கை பாயைச் சுருட்டிக்கொண்டே அவளைக் கவனித்தாள். அம்மா நாள் முழுவதும் அப்படியே இருந்தாள். அடுத்த நாளும். அப்பா சாப்பிடும்போது ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா சொன்னது சிரிப்பான விஷயமே இல்லை, கேங்கில் ஒருத்தனுக்குக் காலில் அடிபட்டதைச் சொன்னார். ஆனாலும் அவரும் புரிந்துகொண்டு சேர்ந்து சிரித்தார்.

மூன்றாம் நாள் தங்கை மெதுவாக அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, உங்களுக்கு நல்லா ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு கண்ணு. நீ வந்தியில்ல, எல்லாம் சரியாப் போச்சு."

"அப்ப நான் போவட்டுமா?"

"போலாம். ஞாயித்துக்கெழம நானே கொண்டு விடுறேன்."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தங்கை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நன்றியில் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியதும் தங்கை எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஓடினாள். குவாட்டர்ஸ் வாசலில் பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கவிழ்ந்து அரிசியெல்லாம் மண்ணில் கொட்டியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தங்கை, "அம்மா, சின்னம்மா நல்லாயிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மா அவள் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள். "என்ன தங்கச்சி? எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?"

"வர மாட்டேன்க்கா," என்றாள் அம்மா. "கூட்டிட்டுப் போக வர மாட்டேன். பாக்க வருவேன். அதுக்கு மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க."

பெரியம்மா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அம்மாதான் அவளைத் தேற்றினாள். தங்கை ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்ணில் கிடந்த அரிசியைப் பொறுக்க உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சோறு ஆக்க வேண்டும் என்று சொல்லி அம்மா கிளம்பிவிட்டாள். அந்த முறை தங்கைதான் ஸ்டேஷன் வரை வந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தாள்.

மூன்றாம் வகுப்பில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே ரப்பர் பால் வடிக்கும் கித்தா மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. அவள் அழுவாள் என்று பயந்து நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து தீகா என்ற ஸ்டேஷன் வருமுன் திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"டேய், அவளுக்குப் புளி ஒத்துக்கல. வாயெல்லாம் புண்ணாவுது. சொல்லாம வந்துட்டேனே. எறங்கிப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடலாமா?"

நான் எழுந்து நின்றேன். ரயில் நின்றது. சிலர் ஏறினார்கள், சிலர் இறங்கினார்கள். அம்மா என் கையை விடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. விசில் ஊதி ரயில் நகர்ந்தது.

"வேணாம், உக்காரு," என்றாள். "அக்காவுக்குத் தெரியாமயா இருக்கும்."